ஹமீதா பானுவின் 94 விநாடிகள்

பயில்வான், உஸ்தாத், கோதா. இந்த மூன்று வார்த்தைகளுக்கும் திருவல்லிக்கேணியில் யாரும் அர்த்தம் கேட்க மாட்டார்கள். தேர்தல் வந்தால் வேட்பாளர்கள் எல்லாரும் 'கோதாவில்' குதிப்பார்கள். ஆனால் கோதாவுக்குள் ஒரு பெண்ணை வைத்துப் பேச நம்மிடம் வார்த்தை இல்லை. பயில்வானுக்குப் பெண்பால் என்ன? யோசித்துப் பாருங்கள், வராது.

எனக்கு இது தோன்றியது ஜாம்பஜார் பக்கம் ஒரு டீக்கடையில். இளவயதில் கர்லாக்கட்டை சுற்றிய பெரியவர் ஒருவர் அங்கே வருவார். தாராசிங், கிங்காங் பற்றி ஆரம்பித்தால் டீ ஆறிப்போகும். "பொம்பளைங்கள்ல பயில்வான் யாராச்சும் உண்டா பாய்?" என்று கேட்டேன். "அதெல்லாம் சர்க்கஸ்ல தம்பி" என்று சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்புக்கான பதில்தான் இந்தக் குறிப்பு.

1954 மே மாதம், பரோடா. ஹமீதா பானு என்ற பெண் பாபா பயில்வான் என்ற ஆணோடு மோதுகிறார். 1 நிமிஷம் 34 விநாடியில் ஆட்டம் முடிந்தது. ஜெயித்தது ஹமீதா. தோற்றவர் இனி குஸ்தியே வேண்டாம் என்று ஒதுங்கிக்கொண்டார்.

முதலில் அந்த ஊரில் அவரோடு மோத வேண்டியிருந்தவர் இவர் இல்லை. சோட்டா காமா என்ற பயில்வான். பரோடா ராஜாவின் ஆதரவு பெற்றவர். பெண்ணோடு மோத மாட்டேன் என்று கடைசி நேரத்தில் விலகிவிட்டார். விலகினதால் அவருக்கு ஒரு நஷ்டமும் இல்லை, கௌரவம்தான்!

அந்த வருஷம் பிப்ரவரியிலேயே ஹமீதா சவால் விட்டிருந்தார்: என்னைத் தோற்கடிப்பவரைக் கல்யாணம் செய்துகொள்கிறேன். பாட்டியாலாக்காரர் ஒருவரும் கல்கத்தாக்காரர் ஒருவரும் அதற்குள் தோற்றுப்போயிருந்தார்கள். நம்ம ஊருக்கு இந்தக் கதை புதுசு இல்லை. காளையை அடக்கினவனுக்குப் பெண் என்பது கலித்தொகைக் காலத்து வழக்கம். இங்கே என்ன வித்தியாசம் என்றால், காளையும் அவரே, பெண்ணும் அவரே. பத்திரிகைகள் கல்யாண விஷயத்தையே பிடித்துக்கொண்டன. குஸ்தியைப் பற்றி எழுதியது ஒரு வரி, கல்யாணத்தைப் பற்றிக் கிண்டல் நாலு வரி. ஆட்டம் காணாமல் போனது அங்கேதான்.

அவர் திடீரென்று முளைத்தவர் இல்லை. மிர்சாபூரில் பிறந்து, அலிகாரில் சலாம் பயில்வானிடம் பயிற்சி எடுத்தவர். 1944-லேயே பம்பாயில் கூங்கா பயில்வானோடு அவர் மோதுவதைப் பார்க்க 20,000 பேர் கூடினார்கள். எதிராளி கூடுதல் பணமும் அவகாசமும் கேட்டதால் ஆட்டம் ரத்து. கூட்டம் அரங்கத்தை உடைத்தது. உயரம் 5 அடி 3 அங்குலம், எடை 108 கிலோ. ஒரு நாளைக்கு ஐந்தரை லிட்டர் பால், ஒரு கிலோ ஆட்டுக்கறி, ஒரு கோழி, ஆறு முட்டை என்று அன்றைய பத்திரிகைகள் பட்டியலே போட்டன. பரோடாவுக்கு வரும்போது 300-க்கு மேல் ஜெயித்திருப்பதாகச் சொல்லிக்கொண்டார்.

சரி, பெரிய கேள்விக்கு வருவோம். ஒன்றரை நிமிஷத்தில் ஒரு ஆண் பயில்வான் விழுவாரா? செட்டப்பாக இருக்காதா?

இந்தச் சந்தேகம் அன்றைக்கே இருந்தது. அவருடைய போட்டிகளுக்குத் தடை வந்தபோது பம்பாய் மாகாண முதல்வர் மொரார்ஜி தேசாயிடம் ஹமீதா முறையிட்டார். பெண் என்பதால் தடை இல்லை, டம்மி ஆட்களை நிறுத்துகிறார்கள் என்று புகார் வந்திருக்கிறது என்பது தேசாயின் பதில்.

ஆனால் நேரத்தை வைத்துச் சந்தேகப்பட முடியாது. நம்ம ஊர் மண் குஸ்தியில் புள்ளிக்கணக்கு கிடையாது. முதுகு மண்ணில் பட்டால் முடிந்தது. அது ஐந்து விநாடியிலும் நடக்கலாம், மணிக்கணக்கிலும் இழுக்கலாம். 1910-ல் லண்டனில் மாவீரர் காமாவும் ஸ்பிஸ்கோவும் இரண்டரை மணி நேரம் மோதியும் முடிவு கிடைக்கவில்லை. அதே ஸ்பிஸ்கோவை 1928-ல் பாட்டியாலாவில் காமா ஒரு நிமிஷத்துக்குள் சாய்த்தார். அதை யாரும் செட்டப் என்று சொல்லவில்லை, காமாவின் வேகம் என்று இன்றுவரை கொண்டாடுகிறோம். ஆணுடைய ஒரு நிமிஷம் வேகம், பெண்ணுடைய ஒன்றரை நிமிஷம் மோசடி! தொழில்முறை குஸ்தியில் முடிவுகள் பேசிவைக்கப்படுவது உலகறிந்த விஷயம். தாராசிங் - கிங்காங் ஆட்டங்களுக்கு டிக்கெட் வாங்கினவர்கள் அதைப் பெரிதுபடுத்தவில்லை. அந்தச் சலுகை ஹமீதாவுக்கு மட்டும் கிடைக்கவில்லை.

இதே 1954-ல் ஜப்பானில் என்ன நடந்தது என்று பாருங்கள். நவம்பரில் அமெரிக்காவின் மில்ட்ரெட் பர்க் தன் சக வீராங்கனைகளோடு டோக்கியோ வந்தார். அவரும் ஆரம்ப காலத்தில் திருவிழாக்களில் ஆண்களோடு மோதியவர்தான். ஆனால் ஜப்பானுக்கு வரும்போது எதிராளியாக இன்னொரு பெண்ணைக் கூடவே அழைத்து வந்தார். அதைப் பார்த்த ஜப்பானியப் பெண்கள் களத்தில் இறங்கினார்கள். 1968-ல் பெண்களுக்கென்றே ஒரு நிறுவனம் வந்தது. 1985-ல் ஒசாகாவில் சிகுசா நகாயோவும் டம்ப் மட்சுமோட்டோவும் தோற்றவர் தலைமுடியை மழிக்க வேண்டும் என்று மோதினார்கள். நகாயோ தோற்று மொட்டையானபோது அரங்கம் நிறைய இருந்த பள்ளி மாணவிகள் கதறி அழுதார்கள்.

ஹமீதாவுக்கு அப்படி ஒரு வரிசை அமையவில்லை. அவர் மோதிய பெண்களில் பெயர் தெரிந்தவர் ரஷ்யாவின் வேரா சிஸ்திலின். அந்த ஆட்டமும் 1954-தான், பம்பாயில், ஒரு நிமிஷத்துக்குள் ஹமீதாவுக்கு ஜெயம். பிறகு ஐரோப்பா போகப்போவதாக அறிவித்தார். போகவில்லை. போகவிடாமல் தடுக்க சலாம் பயில்வானே அடித்துக் கைகளை முறித்தார் என்று ஹமீதாவின் பேரன் பிபிசியிடம் சொல்லியிருக்கிறார். முந்நூறு பேர் சாய்க்க முடியாதவரைச் சாய்த்தது வீட்டுக்குள் இருந்த கை. அதன்பின் கல்யாணில் பால் விற்றார், தெருவோரம் பலகாரம் விற்றார். 1986-ல் இறந்தார். 2024 மே 4 அன்று கூகுள் தன் முகப்பில் அவர் படத்தைப் போட்டபோதுதான் நம்மில் பலர் அந்தப் பெயரையே கேள்விப்பட்டோம்.

போன வாரம் டீக்கடையில் பாயிடம் அவருடைய பழைய போட்டோ ஒன்றைக் காட்டினேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். பெயரைக் கேட்கவில்லை, யாரைத் தோற்கடித்தார் என்றும் கேட்கவில்லை.

"கழுத்தப் பாரு, தோளப் பாரு" என்றார். "இது சர்க்கஸ் ஒடம்பு இல்ல தம்பி. மண்ணுல பொரண்ட ஒடம்பு. உஸ்தாத் யாரு?"

சொன்னேன். மீதிக் கதையையும் சொன்னேன். அன்றைக்கும் டீ ஆறிப்போனது.