பழைய சொகுசுக் காரில் சத்தம் நின்றால்: செட்டை மாற்றுவதற்கு முன் பார்க்க வேண்டியவை

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனிப்பட்ட பாவனைக்கான வாகனங்கள் மீண்டும் அனுமதிக்கப்பட்டது 2025 பெப்ரவரியில். அதன் பிறகும் வரியோடு சேர்ந்த விலை பலருக்கு எட்டவில்லை. அதனால் ஏற்கெனவே ஓடும் கார்களையே பழுதுபார்த்து ஓட்டிக்கொண்டிருக்கிறோம். இறக்காமம், சம்மாந்துறை, நிந்தவூர், கல்முனை வீதிகளில் இருபது வயது தாண்டிய பென்ஸ், பி.எம்.டபிள்யூ, டொயோட்டா கிரவுன் கார்களை இன்றும் காணலாம். எஞ்சின் நன்றாக இருக்கும், ரேடியோ மட்டும் ஊமையாகியிருக்கும்.

பாட்டுக்காக மட்டும் இதை எழுதவில்லை. 2022 மார்ச் இறுதியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை மின்சாரம் துண்டிக்கப்பட்டது. 2024 நவம்பர் வெள்ளத்தில் காரைதீவு - மாவடிப்பள்ளி வீதியில் மத்ரஸா மாணவர்களை ஏற்றிச் சென்ற உழவு இயந்திரம் அடித்துச் செல்லப்பட்டதை இந்தப் பக்கத்தில் யாரும் மறக்கவில்லை. மின்சாரமும் கைபேசிச் சிக்னலும் போன நேரத்தில், எந்த வீதியால் போகலாம் என்று அறிய மிஞ்சுவது வாகன வானொலிதான்.

இறக்காமத்தில் என் சாச்சாவிடம் 2004ஆம் ஆண்டுத் தயாரிப்பான ஜேர்மன் கார் ஒன்று இருக்கிறது. ஊரில் அவசரத்துக்கு நோயாளிகளை கல்முனை அஷ்ரப் ஞாபகார்த்த வைத்தியசாலைக்கு ஏற்றிச் செல்வதும் அந்தக் கார்தான். ஒரு மாரியில் அதன் ஒலித்தொகுதி முழுவதும் செயலிழந்தது. பார்த்த ஒரு வயரிங்காரர், “முழு வயரையும் வெட்டிப்போட்டு ஆண்ட்ரொய்ட் செட் போட வேணும்” என்றார். உண்மையில் பழுதாகியிருந்தது டிக்கிக்குள் நனைந்த சிடி சேஞ்சர் மட்டுமே. அதை விலக்கிவிட்டு இணைப்பை மூடியதும் சத்தம் திரும்பியது. ஒன்றையும் வெட்டவில்லை. மலிவானதில் தொடங்கி விலை கூடியதை நோக்கித் தேடினால் பெரும்பாலும் பாதி வழியிலேயே பழுது பிடிபட்டுவிடும். அந்த ஒழுங்கிலேயே கீழே தந்திருக்கிறேன்.

முதலில் பற்றரியும் பியூஸும்

ஒரு சாதாரண மல்டிமீற்றர் போதும். எஞ்சின் நிறுத்தியிருக்கும்போது நல்ல பற்றரி ஏறக்குறைய 12.6 வோல்ட் காட்டும். 12 வோல்ட்டுக்குக் கீழே போனால் அது வற்றிவிட்டது. எஞ்சின் ஓடும்போது 13.8 முதல் 14.5 வரை இருக்க வேண்டும். பல ஜேர்மன் கார்கள் மின்னழுத்தம் குறைந்தவுடன் ஸ்டார்ட் எடுப்பதற்கான மின்சாரத்தைக் காப்பாற்ற, வசதிக்கான கருவிகளைத் தாமே நிறுத்திவிடும். அப்படி நிற்கும்போது செட்டில் பழுது இருக்காது.

செட்டுக்கு இரண்டு மின்வழிகள் உண்டு. ஒன்று எப்போதும் இருக்கும் நினைவகத்துக்கான மின். மற்றது சாவி திருப்பினால் வரும் மின். ஒவ்வொரு முறையும் மணியும் சேமித்த அலைவரிசைகளும் அழிந்தால் முதலாவது துண்டிக்கப்பட்டிருக்கிறது. சாவி போட்டும் செட் விழிக்காவிட்டால் இரண்டாவதைப் பாருங்கள். பியூஸைக் கண்ணால் மட்டும் பார்க்காமல் மீற்றரால் சோதியுங்கள். டிக்கியில் தனிப் பியூஸ் பெட்டி உள்ள கார்களும் பல.

பற்றரி கழற்றும் முன்

பழைய பென்ஸின் பெக்கர் செட்டுகளும் பல ஹொண்டா செட்டுகளும் மின் துண்டிக்கப்பட்டால் இரகசிய எண் கேட்கும். எண் அட்டை கையில் இல்லாமல் பற்றரியைக் கழற்ற வேண்டாம். பிழையான எண்ணைத் திரும்பத் திரும்ப அடித்தால் செட் பூட்டிக்கொள்ளும். செட்டைக் கழற்றினால் அதன் பக்கத்தில் ஒட்டியிருக்கும் தொடர் இலக்கத்தைக் கொண்டு முகவர்களிடம் எண் கேட்கலாம். ஜப்பானில் பாவித்து வந்த சில டொயோட்டா செட்டுகள், பற்றரி மாற்றியதும் வரைபட அட்டையைக் கேட்டு நின்றுவிடும். அந்த அட்டையைப் பத்திரமாக வைத்திருங்கள்.

திரை எரிகிறது, சத்தம் இல்லை

2000ஆம் ஆண்டுக்குப் பின் வந்த பல சொகுசுக் கார்களில் செட், அம்ப்ளிபயர், சிடி சேஞ்சர், தொலைபேசி, வழிகாட்டி ஆகியவற்றை இணைப்பது செம்பு வயர் அல்ல, ஒளி செல்லும் மெல்லிய பிளாஸ்டிக் இழை. ‘மோஸ்ட்’ எனப்படும் இந்த முறை 2001 முதல் பி.எம்.டபிள்யூ 7 வரிசையிலும், 2002 முதல் பென்ஸ் இ-கிளாஸிலும் வந்தது. கருவிகள் வட்டமாகக் கைகோத்து நிற்கும். ஒன்று கையை விட்டால் எல்லாமே ஊமை.

இந்த வட்டத்தைச் சோதிக்க ஒரு சிறிய லூப் இணைப்பி போதும். சந்தேகமான கருவியின் இழைச் செருகியைக் கழற்றி, லூப்பால் வட்டத்தை மூடி, செட்டைப் போட்டுப் பார்க்க வேண்டும். தொகுதி உயிர் பெற்றால் பழுது அந்தக் கருவியில்தான். அம்ப்ளிபயரை விலக்கும்போது மட்டும் திரை சரியாகும், சத்தம் வராது. அதுவும் ஒரு பதில்தான். கழற்றிய இழையின் நுனியில் சிவப்பு ஒளி தெரிகிறதா என்பதையும் பார்க்கலாம். இழையை 25 மில்லிமீற்றருக்குக் குறைந்த ஆரத்தில் மடிக்கக் கூடாது. மடித்தால் ஒளி நின்றுவிடும். வெட்டி முறுக்கி டேப் சுற்றுவது இங்கே செல்லாது.

தண்ணீர், உப்பு, எலி

நம் பக்கத்துப் பழுதுகளுக்குப் பின்னால் பெரும்பாலும் இந்த மூன்றுதான் நிற்கும். பல கார்களில் அம்ப்ளிபயர் டிக்கியின் பக்கச் சுவருக்குள்ளோ ஸ்பெயார் டயர் குழிக்கு அருகிலோ இருக்கும். பின்விளக்கு ரப்பர் காய்ந்தாலும், சன்ரூஃப் வடிகால் குழாய் வயல் புழுதியால் அடைத்தாலும், மாரி மழைத் தண்ணீர் அங்கேதான் வந்து தேங்கும். கம்பளத்தைத் தூக்கித் தொட்டுப் பாருங்கள். கல்முனை, சாய்ந்தமருது, மருதமுனை போன்ற கரையோர ஊர்களில் உப்புக்காற்று செருகிகளில் பச்சைப் பூஞ்சணம்போல் படியும். சுனாமி நீரில் நின்று பிறகு திருத்தி விற்கப்பட்ட பழைய வாகனமென்றால் வயரின் உறைக்குள்ளேயே அரிப்பு இருக்கலாம். இறக்காமம் போன்ற வயல் சூழ்ந்த ஊர்களில் அறுவடைக்குப் பிறகு எலி ஏறும். ஆசனத்துக்குக் கீழும் டிக்கி ஓரத்திலும் கடித்த வயர் இருக்கிறதா என்று தேடுங்கள்.

ஒரு பக்கம் மட்டும் கேட்காவிட்டால்

முதலில் இன்னொருவரை உட்கார வைத்துக் கேட்கச் சொல்லுங்கள். ஷெல் வெடிப்பில் ஒரு காது பாதிக்கப்பட்டவர்கள் நம்மிடையே பலர். அவர்களுக்குக் காரின் ஒரு பக்கம் எப்போதும் குறைவாகவே கேட்கும். அப்படியென்றால் செட்டின் ‘பலன்ஸ்’ அமைப்பைக் கேட்கும் பக்கத்துக்குச் சற்று நகர்த்துவது உதவும்.

மற்றவருக்கும் கேட்கவில்லையென்றால், கதவைத் திறந்து மூடிப் பாருங்கள். சத்தம் வந்து வந்து போனால் கதவுக் கீல் அருகே ரப்பர் குழாய்க்குள் வயர் முறிந்திருக்கும். பாவனை கூடிய சாரதிக் கதவில் இது அதிகம். ஸ்பீக்கரைச் சோதிக்க அதன் வயர்களைச் செட்டிலிருந்து கழற்றி, 1.5 வோல்ட் டோர்ச் பற்றரியால் ஒரு கணம் தொடுங்கள். ‘டிக்’ என்று கூம்பு அசைந்தால் சுருள் நலம். மீற்றரில் 4 ஓம் ஸ்பீக்கர் 3 முதல் 4 வரை காட்டும். எண்ணே வராவிட்டால் சுருள் எரிந்துவிட்டது. கரகரவென்று கேட்டால், கூம்பைச் சுற்றியுள்ள நுரை வளையம் இற்றுப்போயிருக்கலாம். அந்த வளையத்தை மட்டும் மாற்றலாம்.

ஸ்பீக்கரின் கழித்தல் வயரை ஒருபோதும் காரின் உடலில் தொடுக்க வேண்டாம். செட்டின் உள்ளே இருக்கும் ஐ.சி. எரிந்துவிடும். போஸ் போன்ற தொகுதிகளில் ஸ்பீக்கர்கள் 2 ஓம் அல்லது அதற்கும் குறைவாக இருப்பதுண்டு. அவற்றில் மலிவான ஆண்ட்ரொய்ட் செட்டை நேரடியாக இணைத்தால் அந்தச் செட் நீடிக்காது.

இரைச்சல்

அக்ஸிலரேட்டரை மிதிக்கும்போது ‘ஙீ’ என்ற சத்தமும் சேர்ந்து உயர்ந்தால், பெரும்பாலும் நில இணைப்பு தளர்ந்திருக்கிறது. செட் ஓடும்போது அதன் உடலுக்கும் பற்றரியின் கழித்தல் முனைக்கும் இடையே அளந்தால் 0.1 வோல்ட்டைத் தாண்டக் கூடாது. தாண்டினால் நில இணைப்பின் துருவைச் சுரண்டி இறுக்குங்கள். எஃப்.எம்.மில் மட்டும் இரைச்சலென்றால் முதலில் சிகரட் லைட்டர் துளையில் இருக்கும் மலிவான போன் சார்ஜரைக் கழற்றிப் பாருங்கள்.

போடும்போதும் அணைக்கும்போதும் ‘டப்’ என்று வெடிப்பதுபோல் சத்தம் வந்தால் அது அம்ப்ளிபயரின் பழுதாக இருக்கலாம். போரைக் கடந்தவர்கள் ஏறும் காரில் இதைச் சின்னக் குறையென்று விட முடியாது. விரைவில் திருத்திவிடுங்கள்.

வானொலி மட்டும் பிடிக்காவிட்டால்

ஜப்பானின் பழைய செட்டுகள் 76 முதல் 90 மெகாஹேர்ட்ஸ் வரையே பிடிக்கும். இங்கே எஃப்.எம். 108 வரை இருக்கிறது. ஆன்டெனா வழியில் பொருத்தும் பாண்ட் எக்ஸ்பாண்டர் என்ற சிறு பெட்டி இதற்குப் போதும். திரையில் காட்டும் எண் மட்டும் வேறாக இருக்கும். ஆன்டெனா பின்கண்ணாடிக்குள் பதிக்கப்பட்ட கார்களில், அதன் சிறு அம்ப்ளிபயருக்கு 12 வோல்ட் வருகிறதா என்று பாருங்கள். உலோகம் கலந்த டின்ட் தாளும் அலையைத் தடுக்கும்.

கராஜுக்குப் போகும் முன்

எப்போது தொடங்கியது, மழைக்குப் பிறகா, பற்றரி மாற்றிய பிறகா, எந்த ஸ்பீக்கர், எந்த வேலையில் என்று ஒரு துண்டில் எழுதிக் கொண்டுபோங்கள். கழற்றிய பாகத்தைக் கையில் தரச் சொல்லுங்கள். பழைய அசல் செட் அல்லது அம்ப்ளிபயர் தேவையென்றால் கொழும்பு பஞ்சிகாவத்தையில் தேடலாம். லேபிளில் உள்ள பாக இலக்கம் ஒரு எழுத்தும் மாறாமல் பொருந்த வேண்டும்.

இரண்டு விடயங்களில் மட்டும் கைவைக்க வேண்டாம். ஸ்டியரிங் பகுதியின் மஞ்சள் செருகிகள் எயார்பேக்குக்கு உரியவை. அவற்றை மீற்றரால் சோதிக்கவே கூடாது. அம்ப்ளிபயருக்குப் பற்றரியிலிருந்து நேரே இழுத்த வயரில், பற்றரிக்கு அருகிலேயே பியூஸ் இல்லாவிட்டால் அந்தக் காரை இன்றே நிறுத்தி, பியூஸ் போடச் சொல்லுங்கள். அந்த வயர் உரசி உடலில் பட்டால் கார் தீப்பிடிக்கும்.