மருந்து எதிர்ப்புக் காசநோய்: புறநோயாளிகளுக்கான சிறப்பு மையப் பரிந்துரை

புறநோயாளியாகச் சிகிச்சை பெறும் ஒருவரின் காசநோய்க் கிருமி வழக்கமான மருந்துகளுக்குக் கட்டுப்படவில்லை எனத் தெரிந்ததும், அவரைச் சிறப்பு மையத்துக்கு அனுப்பி, மருந்துத் திட்டம் முடிவானபின் அவருடைய ஊர் மருத்துவமனையின் கண்காணிப்பிலேயே சிகிச்சையைத் தொடரச் செய்யும் முறை இந்தியாவின் தேசியக் காசநோய் ஒழிப்புத் திட்டத்தில் பின்பற்றப்படுகிறது. ஐசோனியசிட், ரிஃபாம்பிசின் ஆகிய இரு முதன்மை மருந்துகளுக்கும் கட்டுப்படாத நிலை பன்மருந்து எதிர்ப்பு எனப்படும். எனினும் ரிஃபாம்பிசின் எதிர்ப்பு மட்டும் உறுதியானாலே பரிந்துரைக்க வேண்டும். சளியிலுள்ள கிருமியின் மரபணுவை ஆராய்ந்து அந்த எதிர்ப்பைச் சுமார் இரண்டு மணி நேரத்தில் காட்டும் சிபிநாட் கருவி வருவதற்கு முன், ஆய்வகத்தில் கிருமியை வளர்த்துப் பார்க்க வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டியிருந்தது.

காசநோயாளியை வீட்டிலிருந்தபடியே குணப்படுத்த முடியும் என்பதற்கான சான்று சென்னையில்தான் கிடைத்தது. 1956இல் தொடங்கப்பட்ட காசநோய் வேதிச் சிகிச்சை மையம், சானடோரியத்தில் தங்கியவர்களையும் வீட்டில் மருந்து உண்டவர்களையும் ஒப்பிட்டு, இரு தரப்பினரும் ஏறத்தாழ ஒரே அளவில் குணமடைந்ததை 1959இல் வெளியிட்டது. அந்த ஆய்வு மருந்து எதிர்ப்புக் காசநோயைப் பற்றியதன்று. ஆயினும் இன்றைய புறநோயாளிச் சிகிச்சை அதன் வழியில் வந்ததே.

பரிந்துரை என்பது வெறும் சீட்டு எழுதிக் கொடுப்பதன்று. நோயாளி முன்பு உண்ட மருந்துகள், அவற்றை உண்ட காலம், இடையில் நிறுத்தியிருந்தால் அதன் விவரம், மார்பு எக்ஸ்ரே, சளி முடிவுகள் ஆகிய அனைத்தும் உடன் செல்ல வேண்டும். அவையின்றி எந்த மருந்து இன்னும் வேலை செய்யும் என மருத்துவரால் கணிக்க இயலாது. பலனளிக்காத மருந்துகளோடு புதிதாக ஒன்றை மட்டும் சேர்த்துப் பார்ப்பதே இக்கட்டத்தில் நேரக்கூடிய மிகக் கேடான பிழை. அப்படிச் செய்தால் கிருமி அந்தப் புதிய மருந்துக்கும் பழகிவிடுகிறது. வெறும் இருமல் எனக் கருதி லெவோஃப்ளாக்சசின் என்ற நுண்ணுயிர்க்கொல்லியைக் கொடுப்பதும் நோயை மறைத்து எதிர்ப்பை வளர்க்கிறது.

மையத்தில் இரத்தம், கல்லீரல், சிறுநீரகம், பார்வை ஆகியவற்றைச் சோதிப்பதோடு இசிஜியும் எடுப்பர். ஏனெனில் அங்கு முடிவாகும் திட்டத்தின் மருந்துகளுள் பெடாகுயிலின் இதயத்துடிப்பின் மின்னோட்டத்தைப் பாதிக்கலாம், லினசோலிட் நரம்புகளையும் இரத்த அணுக்களையும் பாதிக்கலாம். முன்பு ஒன்றரை முதல் இரண்டு ஆண்டுகள் வரை நீண்டு, பல மாதங்கள் ஊசியும் தேவைப்பட்ட சிகிச்சை, இவ்விரு மருந்துகளுடன் பிரிட்டோமானிட், மாக்ஸிஃப்ளாக்சசின் சேர்ந்த ஆறுமாத மாத்திரைத் திட்டமாகச் சுருங்கியுள்ளது. இந்திய அரசு இதற்கு 2024இல் ஒப்புதல் அளித்தது. கருவுற்றோருக்கும் 14 வயது நிறையாதோருக்கும் வேறு திட்டம் வகுக்கப்படும்.

சோதனை முடிவு வந்த நாளுக்கும் நோயாளி மையத்தை அடையும் நாளுக்கும் இடைப்பட்ட காலமே மிகவும் கவலைக்குரியது. ஒரு நாள் கூலியை இழந்து, பேருந்துக்கும் செலவழித்து வெளியூர் செல்ல இயலாதவர் அந்த இடைவெளியில் சிகிச்சையிலிருந்தே நழுவிவிடலாம். அதுவரை எதிர்ப்புக் கிருமி அவருடைய வீட்டாருக்கும் பரவக்கூடும். ஆதலால் களப்பணியாளர் உடன் செல்வதையும் பயணச் செலவு ஈடுசெய்யப்படுவதையும் மருந்தைப் போலவே இன்றியமையாதவையாகக் கொள்ள வேண்டும். ஊர் திரும்பியபின் கால் மரத்துப்போதல், பார்வை மங்குதல், மயக்கம், சளி வளர்ப்புச் சோதனையில் கிருமி தொடர்ந்து தென்படுதல் ஆகியவற்றுள் எது காணப்பட்டாலும் நோயாளி தாமதமின்றி அதே மையத்துக்கு மீண்டும் அனுப்பப்பட வேண்டும்.