நீதிமன்றமும் சிறையும்: வரைபடம் போட்டவர்களின் வரலாறு

நீதிமன்றங்களையும் சிறைகளையும் வடிவமைப்பதையே தனித் துறையாகக் கொண்ட கட்டடக்கலைஞர்களுக்கு அமெரிக்காவில் ஓர் அமைப்பு உண்டு. 1857-இல் தொடங்கப்பட்ட அமெரிக்கக் கட்டடக்கலைஞர் கழகத்தின் ஓர் அங்கமாகிய அதனை 'நீதிக்கான கட்டடக்கலை அகாதமி' எனலாம். நம் நாட்டில் இந்த வேலை நெடுங்காலமாகப் பொதுப்பணித் துறைப் பொறியாளர்களின் கையில் இருந்து வந்துள்ளது. அதனால் இக்கட்டடங்களை வரைந்தவர்களின் பெயர்கள் பெரும்பாலும் கோப்புகளோடு நின்றுவிட்டன. கொங்கு நாட்டு வாசகர்களுக்குத் தெரிந்த சில கட்டடங்களை முன்வைத்து அந்த வரலாற்றைக் காண்போம்.

கும்பினி ஆட்சிக்கு முன் நம் ஊர்களில் வழக்குகள் சாவடியிலும் மரத்தடியிலும் கோயில் மண்டபத்திலும் பேசி முடிக்கப்பட்டன. தீர்ப்புச் சொல்வதற்கென்று தனிக் கட்டடம் எழுப்பும் வழக்கம் பரவலாக இல்லை. நீண்டகாலச் சிறைவாசம் என்ற தண்டனையும் அரிது. பிடித்தவரைக் கோட்டைக் கொத்தளத்திலோ கிடங்கிலோ அடைத்து வைப்பார்கள், அவ்வளவுதான்.

1791-இல் ஜெரமி பெந்தாம் என்ற ஆங்கிலேயச் சட்ட அறிஞர் ஒரு சிறைத் திட்டத்தை நூலாக வெளியிட்டார். வட்டமான கட்டடம், சுற்றிலும் அறைகள், நடுவில் ஒரு கண்காணிப்புக் கோபுரம். கைதிக்குக் காவலர் தெரியமாட்டார். காவலருக்குக் கைதி தெரிவார். தன்னை யாரோ பார்த்துக்கொண்டிருக்கிறார் என்ற எண்ணமே கைதியை அடக்கி வைக்கும் என்பது அவர் கணக்கு. அவர் விரும்பிய சிறை அவர் காலத்தில் இங்கிலாந்தில் கட்டப்படவே இல்லை. ஆனால் அந்த எண்ணம் கடல் கடந்தது.

இந்தியாவில் மெக்காலே முன்முயற்சியில் அமைந்த சிறைக் குழு 1838-இல் அறிக்கை தந்தது. ஓராண்டுக்கு மேல் தண்டனை பெற்றவர்களை வைக்கப் பெரிய மத்திய சிறைகள் வேண்டும் என்றது அந்த அறிக்கை. சென்னை மாகாணத்தின் பெரிய சிறைகள் பலவும் 19-ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் எழுந்தவை. சேலம் 1862, கோயம்புத்தூர் 1872.

கோயம்புத்தூர் மத்திய சிறை கட்டப்பட்டபோது ஊருக்கு ஒதுக்குப்புறம். இப்போது அது காந்திபுரத்தை ஒட்டி, நகரின் நடுவில் இருக்கிறது. 1908-ஆம் ஆண்டு ஜூலை மாதம் திருநெல்வேலியில் நீதிபதி பின்ஹே வ. உ. சிதம்பரம் பிள்ளைக்கு இரட்டை ஆயுள் தண்டனை விதித்தார். அதே மாதம் கோவைச் சிறைக்கு அனுப்பப்பட்ட அவர் 1910 டிசம்பர் வரை அங்கே இருந்தார். மாடு சுற்ற வேண்டிய எண்ணெய்ச் செக்கை அவர் இழுத்தது இங்கேதான். வகுப்பில் இந்தப் பாடம் நடத்தும்போதெல்லாம் பிள்ளைகள் செக்கைப் பற்றிக் கேட்பார்கள். அந்தச் செக்கு நிற்பதற்கு இடம் ஒதுக்கி வரைபடம் போட்டவர் யார் என்று ஒருவரும் கேட்டதில்லை. நானும் சொன்னதில்லை. சிறைத் தொழிற்கூடம் என்பது வரைபடத்தில் ஒரு சாதாரணக் கட்டம். கிடங்கு, சமையல்கூடம் போல அதுவும் ஒன்று.

அந்தமானில் 1896 முதல் 1906 வரை கட்டப்பட்ட செல்லுலார் சிறையில் வரைபடமே தண்டனை. நடுக் கோபுரத்திலிருந்து சக்கரத்தின் ஆரங்கள் போல ஏழு கட்டடங்கள். ஒவ்வொரு கைதிக்கும் ஏறத்தாழ 4.5 மீட்டர் நீளமும் 2.7 மீட்டர் அகலமும் கொண்ட தனி அறை. ஒரு கட்டடத்தின் முகப்பு அடுத்த கட்டடத்தின் முதுகைப் பார்க்கும்படி அமைத்தார்கள். எதிர் அறைக்காரரிடம் கைச்சாடை காட்டக்கூட வழியில்லை. இந்த அமைப்பில் பெந்தாமின் கோபுரம் இருக்கிறது. 1829-இல் பிலடெல்பியாவில் ஜான் ஹாவிலண்ட் கட்டிய தனிமைச் சிறையின் சாயலும் இருக்கிறது.

நீதிமன்றக் கட்டடத்தின் கதை வேறு. சிறையை ஒளித்துக் கட்டிய அதே அரசு நீதிமன்றத்தைக் காட்டிக் கட்டியது. 1892 ஜூலையில் திறக்கப்பட்ட சென்னை உயர்நீதிமன்றத்தின் முதல் வரைபடம் பிராசிங்டனுடையது. பின்னர் ஹென்றி இர்வின் பொறுப்பேற்று முடித்தார். மைசூர் அரண்மனையை வடிவமைத்தவரும் அவரே. கட்டி எழுப்பிய ஒப்பந்தக்காரர் நம்பெருமாள் செட்டியார். இந்தோ சாரசனிக் பாணியில் அமைந்த அந்தச் செங்கல் கோபுரத்தின் உச்சியில் 1894 முதல் கலங்கரை விளக்கும் எரிந்தது. கப்பலில் வருபவனுக்கு முதலில் கண்ணில் படுவது நீதிமன்றம்! அழகில் குறை சொல்ல முடியாது. ஆனால் உள்ளே வரும் ஏழை வழக்காளி எங்கே உட்காருவான் என்ற கேள்வி அந்தக் காலத்து வரைபடங்களில் பின்னுக்குத் தள்ளப்பட்டது.

எங்கள் அவிநாசி போன்ற தாலுகா ஊர்களில் கோபுரமெல்லாம் கிடையாது. ஓட்டுக் கூரை, நீள வராந்தா, முன்னால் ஒரு வேப்பமரம், ஓரத்தில் டைப் அடிப்பவர்கள் என்பதுதான் பழைய தாலுகாக் கச்சேரியின் தோற்றம்.

தலைமையாசிரியராக இருந்தபோது ஒரு மாணவியின் பிறந்த தேதியை உறுதிப்படுத்தப் பள்ளிச் சேர்க்கைப் பதிவேட்டுடன் ஒரு நீதிமன்றத்துக்குச் சாட்சியாகப் போனேன். காலை பத்து மணி முதல் மதியம் வரை வராந்தாவில் காத்திருந்தோம். ஒரே பெஞ்சு. அதன் ஒரு முனையில் அந்தப் பெண்ணும் அவள் தாயும். மறுமுனையில் குற்றம் சாட்டப்பட்டவனின் உறவினர்கள். அந்தப் பெண் தலை நிமிரவே இல்லை. அங்கே யாரும் சட்டத்தை மீறவில்லை. கட்டடத்தில் வேறு இடம் இல்லை.

அகாதமியைச் சேர்ந்த கட்டடக்கலைஞர்கள் முதலில் பார்ப்பது இதைத்தான். நீதிபதிக்கு ஒரு வழி, பொதுமக்களுக்கு ஒரு வழி, காவலில் உள்ளவருக்கு ஒரு வழி. மூன்றும் நீதிமன்ற அறையில் மட்டுமே சந்திக்க வேண்டும். நம் நாட்டில் 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டம், சாட்சி சொல்லும் குழந்தையின் பார்வையில் குற்றம் சாட்டப்பட்டவர் படக்கூடாது என்கிறது. எளிதில் பாதிக்கப்படக்கூடிய சாட்சிகளுக்குத் தனி மையங்கள் அமைக்க உச்ச நீதிமன்றம் 2017-இலும் 2022-இலும் ஆணையிட்டது. சட்டம் வந்த பிறகுதான் சுவர் எழும்புகிறது. இடைப்பட்ட ஆண்டுகளில் பிள்ளைகள் அதே பெஞ்சில் உட்கார்ந்தார்கள்.

சிறையை வரைபவருக்கு அதில் நடப்பவற்றில் பொறுப்பு உண்டா என்ற கேள்வி அமெரிக்காவில் பல ஆண்டுகள் விவாதிக்கப்பட்டது. நாங்கள் வரையாவிட்டால் இன்னும் மோசமாக வரைபவர் வருவார் என்பது ஒரு தரப்பு. சில வரைபடங்களை எவருமே போடக்கூடாது என்பது மறுதரப்பு. 2020 டிசம்பரில் அமெரிக்கக் கட்டடக்கலைஞர் கழகம் தன் ஒழுக்க விதிகளைத் திருத்தியது. மரண தண்டனை நிறைவேற்றும் அறையையும், நாளுக்கு 22 மணி நேரமோ அதற்கு மேலோ தொடர்ந்து 15 நாட்களுக்கு அதிகமாக ஒருவரைத் தனிமையில் அடைக்கும் அறையையும் உறுப்பினர்கள் வடிவமைக்கக் கூடாது என்றது அந்தத் திருத்தம். 15 நாள் என்ற அளவு 2015-இல் ஐக்கிய நாடுகள் அவை ஏற்ற நெல்சன் மண்டேலா விதிகளிலும் உள்ளது. இதே கழகம் சில ஆண்டுகளுக்கு முன் இத்தகைய கோரிக்கையை மறுத்திருந்தது என்பதையும் சொல்ல வேண்டும்.

சென்னையின் பழைய மத்திய சிறை 2006-இல் புழலுக்கு மாறியது. 2009-இல் இடிக்கப்பட்டு, அந்த நிலத்தில் சென்னை மருத்துவக் கல்லூரிக்குக் கட்டடம் எழுந்தது. கோவையிலும் சிறை நிலத்தின் ஒரு பகுதியில் 45 ஏக்கரில் செம்மொழிப் பூங்கா அமைந்து 2025-இல் திறக்கப்பட்டது. சிறையை நகருக்கு வெளியே பிளிச்சிக்கு மாற்றும் திட்டமும் உள்ளது. தூரம் கூடினால் மனுப் போட்டுப் பார்க்க வரும் தாய்மார்களுக்கு இன்னொரு பேருந்து ஏற வேண்டியிருக்கும். அவர்கள் காத்திருக்க நிழலும் கழிப்பறையும் புதிய வரைபடத்தில் எந்த இடத்தில் வருகின்றன என்பதை அது வெளியாகும்போது முதலில் தேடிப் பார்ப்பேன்.