சோழியன் குடுமி

பிறர்மேல் காட்டும் கரிசனத்துக்குள் தன்னலம் ஒளிந்திருப்பதை, தீட்டுவதற்குக் கோடரி வைத்திருத்தல் என்னும் பொருள்படும் தொடரால் ஆங்கிலத்தார் குறிப்பர். 1810இல் பென்சில்வேனிய இதழாளர் சார்லஸ் மைனர் எழுதிய கதையில், கோடரியோடு வந்தவன் சிறுவனைப் புகழ்ந்தே சாணைக்கல்லைச் சுற்றவைத்து, வேலை முடிந்ததும் அவனைக் கடிந்து விரட்டுகிறான்.

தமிழில் அப்பொருளைத் தருவது ‘சோழியன் குடுமி சும்மா ஆடுமா’ என்னும் பழமொழி. தலைச்சுமை உறுத்தாதிருக்கத் துணியையோ வைக்கோலையோ சுருட்டி வைப்பது சும்மாடு. நாஞ்சில் நாட்டு வயல்களில் கதிர்க்கட்டு சுமந்தோர்க்கு அது அன்றாடத் தேவை. சோழியர் என்னும் அந்தணப் பிரிவினர் குடுமியை முன்பக்கமாக முடிந்ததால், அது சுமை தாங்க உதவாது என்ற கருத்தில் ‘சும்மாடு ஆகுமா’ என வழங்கியதே நாளடைவில் ‘சும்மா ஆடுமா’ எனத் திரிந்தது என்பர். சுசீந்திரம் கோயில் நிர்வாகத்தில் முன்குடுமி வைத்த நம்பூதிரிகள் நெடுங்காலம் இடம்பெற்றிருந்தமையால், இவ்விளக்கம் நாஞ்சில் நாட்டாருக்கு எளிதில் மனத்தில் படியும்.

மூலம் எதுவாயினும், திரிந்த வடிவமே ஆழமானது. இயலாமையைச் சொன்ன தொடர், காரணமின்றி ஒரு மயிரும் அசையாது என்னும் ஐயத்தைச் சொல்லத் தொடங்கிற்று. ‘உள்நோக்கம்’ என்னும் எழுத்துவழக்குச் சொல் நேரடியாகக் குற்றம் சாட்ட, பழமொழியோ எதிராளியின் பெயரைச் சொல்லாமலே அவரை அடையாளம் காட்டிவிடுகிறது.