கொல்லைப்புறத்துத் துறைமுகம்

கேரளத்தின் பீர்மேடு வட்டத்து ஏலப்பாறைச் சரிவுகளில் இன்றும் மிளகுக்கொடி மரமேறிக் காய்க்கிறது. அதே வட்டத்தில் வண்டிப்பெரியாற்றைத் தொட்டு ஓடும் பெரியாறு, மலையிறங்கி ஆலுவாவில் இரண்டாகப் பிரிகிறது. வடக்குக் கிளை கடலை நெருங்கும் பகுதியில், வடக்கன் பறவூருக்குப் பக்கத்தில் இருக்கிறது பட்டணம் என்ற சிற்றூர்.

மழை விட்டதும் முற்றத்தில் மணி பொறுக்குவது அவ்வூர்ப் பிள்ளைகளுக்குப் பழக்கம். வீட்டுக்கு வானம் தோண்டினால் பானையோடும் பழஞ்செங்கல்லும் வரும். அந்தச் செங்கல்லைப் பெயர்த்துப் புதுச்சுவர் எழுப்பியவர்களும் உண்டு. வரலாறு அப்படியே கரைந்துபோயிருக்கும்!

2004இல் ஆய்வாளர்கள் கே.பி.ஷாஜனும் வீ.செல்வகுமாரும் அங்கே சோதனைக் குழி போட்டார்கள். 2007 முதல் பி.ஜே.செறியான் தலைமையில் கேரள வரலாற்று ஆராய்ச்சிக் கழகம் முறையாக அகழ்ந்தது. குடியிருப்பு நிறைந்த ஊர். வீட்டுக்கும் வீட்டுக்கும் நடுவே கிடைத்த வெற்றிடத்தில்தான் குழி இறங்க வேண்டும்.

இறங்க இறங்கக் காலம் பின்னே போனது. மேலே இக்காலக் குப்பை. அதன் கீழே இடைக்காலத்துச் சீனப் பீங்கான். இன்னும் கீழே ரோமானிய மதுச்சாடித் துண்டுகள். அவற்றில் சிலவற்றின் களிமண்ணில் கறுப்பு எரிமலை மணல் கலந்திருக்கிறது. இத்தாலியின் வெசூவியஸ் மலைப்பக்கத்து மணல் அது. அதற்கும் அடியில் இரும்புக்காலத்துக் கறுப்பு-சிவப்புப் பானைகள். ரோமானியர் வருமுன்பே அங்கே ஊர் இருந்தது என்பதற்கு இந்த அடியடுக்கே சாட்சி.

ஒரு குழியில் சேறு விலகியபோது ஆறு மீட்டர் நீளத் தோணி கிடந்தது. ஒரே அயினி மரத்தைக் குடைந்து செய்தது. பக்கத்திலேயே செங்கல் கட்டுமானம், படகு கட்டும் மரத்தறிகள். ஈரச்சேறு காற்றை அண்டவிடாததால் ஏறக்குறைய இரண்டாயிரம் ஆண்டு மரம் மக்காமல் நின்றது. மிளகும் ஏலமும்கூட அந்த மண்ணில் தப்பியிருந்தன.

அகநானூற்றின் 149ஆம் பாடல் சொல்லும் முசிறித் துறைமுகம் இதுதானா? ஊர்ப்பெயர் பொறித்த கல் எதுவும் கிடைக்கவில்லை; மறுக்கும் அறிஞர்களும் இருக்கிறார்கள். ஆனால் செங்கடற்கரையில், எகிப்தின் பெரனிகே கோயிலில் ஓர் இந்தியச் சாடிக்குள் 7.5 கிலோ மிளகு கிடைத்ததை பட்டணத்து மிளகோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். அதைச் சுமந்த கப்பல் மேற்குக் கரையின் ஏதோ ஒரு துறையிலிருந்துதான் கிளம்பியிருக்கும்.

மலையில் மிளகு பறித்து ஆற்றுவழி இறக்கியவர்களின் தடம்தான் இனித் தேட வேண்டியது. பட்டணத்து மேடு சுமார் 45 ஹெக்டேர். தோண்டியது அதில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. மீதியின் மேல் வீடுகளும் தென்னைகளும் நிற்கின்றன.