காந்தி போட்ட அணுகுண்டும் நான் விட்ட கப்சாவும்

போன வாரம் பாகூர்ல அண்ணன் வீட்டுக்குப் போயிருந்தேன். அண்ணன் பையன் காலேஜில் சி மொழி படிக்கிறான். சும்மா இருக்காமல், வருஷக்கணக்கா எல்லாருக்கும் சொல்லிட்டு வர்ற கதையை அவன்கிட்டயும் எடுத்துவிட்டேன்.

கதை உங்களுக்கும் தெரிஞ்சிருக்கும். சிட் மெயரும் புரூஸ் ஷெல்லியும் உருவாக்கி, மைக்ரோபுரோஸ் 1991-ல் வெளியிட்ட ‘சிவிலைசேஷன்’ விளையாட்டு. கி.மு. 4000-ல் ஒரு ஊரைக் கட்டி ஆரம்பிச்சு, விண்கலம் விடுற வரைக்கும் ராஜ்ஜியத்தை வளர்க்கணும். எதிராளிகளா கம்ப்யூட்டரே ஆடும். இந்தியாவுக்குத் தலைவர் காந்தி. அவரோட சண்டைக்குணத்துக்கு மதிப்பு வெறும் 1. ஜனநாயகத்துக்கு மாறினா அதுல 2 குறையுமாம். அப்ப மைனஸ் 1 வரணும். ஆனா அந்த எட்டு பிட் எண்ணுக்கு மைனஸே கிடையாதுங்கறதால 255-க்குத் தாவிடுமாம். பழைய ஓடோமீட்டரை பூஜ்ஜியத்துலேர்ந்து பின்னால சுத்தினா 99999 வர்ற மாதிரி. அப்புறமென்ன, தாத்தா ஊர் ஊரா அணுகுண்டு போட ஆரம்பிச்சுடுவார்.

பையன் சிரிக்கவே இல்லை. "சித்தப்பா, சி-யில சும்மா இன்ட்னு போட்டா மைனஸும் எடுக்குமே? அன்சைன்டுன்னு தனியா சொன்னாத்தானே இப்படிச் சுத்தும்?"

பதில் தெரியலை. பேச்சை மாத்தி, காபி குடிச்சுட்டுக் கிளம்பிட்டேன்.

வில்லியனூர் வந்ததும் உட்கார்ந்து தேடினேன். மானம் போச்சு மக்களே. அப்படி ஒரு பிழையே இருந்ததில்லை! சிட் மெயர் 2020-ல் வந்த தன் நினைவுக் குறிப்புப் புத்தகத்தில் இதை அடியோடு மறுத்திருக்கார். அவர் சொல்ற காரணங்கள்ல ஒண்ணு, பையன் கேட்ட அதே விஷயம்! இரண்டாம் பாகத்தை வடிவமைச்ச பிரையன் ரெனால்ட்ஸும் இதையேதான் சொல்றார்: முதல் ஆட்டத்துல சண்டைக்குணத்துக்கு இருந்ததே மூணு படிகள்தான். காந்தி கடைசிப் படி. ஆனா தலைவர்கள்ல மூணுல ஒரு பங்கு பேர் அவர்கூட அதே படியில்தான் நின்னாங்க.

அப்ப ஏன் நம்பினோம்? அமைதியான காந்தியின் இந்தியா சண்டைக்குப் போகாம அறிவியல் பக்கம் ஓடும், அதனால சீக்கிரமே அணு ஆயுதத்துக்கு வந்துடும். அது கையில இருந்தா எந்தத் தலைவரும் ஒரே வசனத்தைச் சொல்லித்தான் மிரட்டுவார். நெப்போலியன் மிரட்டினா யாரும் கண்டுக்கலை. காந்தி மிரட்டினது மனசுல ஒட்டிக்கிச்சு. (நிஜ இந்தியா 1974-ல் நடத்தின முதல் அணுச் சோதனைக்கே ‘சிரிக்கும் புத்தர்’னுதானே ரகசியப் பேர்!)

இன்னொரு கூத்து. 2010-ல் வந்த ஐந்தாம் பாகத்தில், ஜான் ஷேஃபர் வேணும்னே காந்தியோட அணுகுண்டு ஆசைக்கு 10-க்கு 12 மார்க் போட்டார். ஒவ்வொரு ஆட்டத்திலும் அது ரெண்டு கூடும், ரெண்டு குறையும். எவ்வளவு குறைஞ்சாலும் 10-க்குக் கீழே போகாது. அது பிழை இல்லை, நக்கல். 255 கதை இணையத்துல முளைச்சது அதுக்கப்புறம், 2012-ல். முதல் ஆட்டம் வந்து இருபத்தியொரு வருஷம் கழிச்சு! நாமதான் அதை 1991-லயே நடந்ததா நினைச்சுக்கிட்டோம்.

1934 பிப்ரவரியில் காந்தி நம்ம புதுச்சேரிக்கு வந்துட்டுப் போயிருக்கார். அவர் பேர்ல இத்தனை வருஷமா குண்டு போட்டுட்டிருந்தது நான்தான் போல :-)

ராத்திரி பையனுக்குப் போன் போட்டு எல்லாத்தையும் ஒப்புக்கிட்டேன்.

"பரவால்ல சித்தப்பா, ஓடோமீட்டர் உதாரணம் நல்லாத்தான் இருந்துச்சு"ங்கறான்.