லென்ஸுக்கு ஃபில்டர்: எதை வாங்கலாம், எதை விட்டுடலாம்?

கேமராவுக்கு பில் போடும்போதே கடைக்காரர் கேட்பார், "அப்படியே ஒரு யு.வி ஃபில்டரும் போட்டுடவா?" அவ்வளவு பணம் கொடுத்த கையோடு இன்னும் சில நூறு ரூபாய் பெரிசாத் தெரியாது. தலையாட்டுறதுக்கு முன்னாடி இதைப் படிச்சிடுங்க.

ஃபிலிம் காலத்தில் யு.வி ஃபில்டருக்கு உண்மையிலேயே வேலை இருந்தது. புற ஊதாக் கதிர் ஃபிலிமில் பதிந்து, மலைக்காட்சிகளில் நீல மூட்டமாக விழும். டிஜிட்டல் கேமராவில் சென்சாருக்கு முன்னாலேயே அதைத் தடுக்கும் கண்ணாடி இருக்கு. அதனால் இப்போ அது லென்ஸுக்கு ஒரு மூடி, அவ்வளவுதான்.

அந்த மூடியும் சில இடங்களில் அவசியம். கடற்கரை உப்புக்காற்று, புழுதி, தண்ணீர் தெறிக்கும் இடம் என்றால் கண்டிப்பா மாட்டுங்க. ஆனா கீழே விழுந்தா லென்ஸைக் காப்பாத்தும்னு நம்பிடாதீங்க. ஃபில்டர் உடைந்து அந்தத் துண்டே லென்ஸைக் கீறலாம். இடிபடாமல் இருக்க லென்ஸ் ஹுட்தான் பெட்டர்.

வாங்கினா 'மல்டி கோட்டட்' வாங்குங்க. கோட்டிங் இல்லாத கண்ணாடி, ஒரு பக்கத்துக்கு சுமார் 4 சதவிகித ஒளியைத் திருப்பி அனுப்பும். பகலில் பெரிசாத் தெரியாது. இரவில் தெருவிளக்கை எடுத்துப் பாருங்க, படத்தின் எதிர்மூலையில் இன்னொரு விளக்கு பேய் மாதிரி மிதக்கும். ஃபில்டரோடு ஒண்ணு, கழற்றிட்டு ஒண்ணு எடுத்தாலே வித்தியாசம் புரிஞ்சிடும்.

அடுத்து, வார்மிங் ஃபில்டர். 81ஏ, 81பி, 81சி என்று வரிசையாக நிறம் கூடும் வெளிர் மஞ்சள்-பழுப்புக் கண்ணாடிகள். நிழலிலும் மேகமூட்டத்திலும் முகம் நீலம் பாயாமல் இருக்க, ஃபிலிமுக்காக வந்தவை. உங்க கேமராவில் ஒயிட் பேலன்ஸ் 'ஆட்டோ'வில் இருந்தா, ஃபில்டர் சேர்க்கும் மஞ்சளைக் கேமராவே பெரும்பாலும் கழிச்சிடும். காசு கொடுத்ததுதான் மிச்சம்! 'கிளவுடி' அல்லது 'ஷேட்' வெச்சு எடுத்தாலே அந்த வெதுவெதுப்பு வந்துடும். ரா ஃபைலாக எடுத்தால் பிறகுகூட மாத்திக்கலாம். மிச்சமாகும் பணத்தில் போலரைஸர் வாங்கலாம். தண்ணீர், கண்ணாடி மேல் விழும் பிரதிபலிப்பை அது குறைக்கிற மாதிரி எந்த ஆப்பாலும் அச்சு அசலாச் செய்ய முடியாது.

அளவில் நிறைய பேர் ஏமாறுவாங்க. 50 எம்.எம் லென்ஸுக்கு 50 எம்.எம் ஃபில்டர் தேடாதீங்க, அது குவியத்தூரம். கேனானின் இ.எஃப் 50 எம்.எம் எஃப்/1.8 எஸ்.டி.எம் லென்ஸுக்குத் தேவை 49 எம்.எம் ஃபில்டர். லென்ஸின் முன்பக்கம் வட்டத்தின் குறுக்கே கோடு போட்ட குறி இருக்கும், அதன் பக்கத்தில் உள்ள எண்தான் சரியான அளவு.

போன் கேமரா மேல் ஒட்டுற கண்ணாடிக்கும் இதே கதைதான். அங்கே ஏற்கெனவே ஒரு கண்ணாடி இருக்கு. இரவுப் படங்களில் திடீர்னு வெளிச்சக் கோடு விழுதா? முதல்ல அந்த ஸ்டிக்கரை உரிச்சுட்டுப் பாருங்க.